கூட்டுறைவுக் காப்பகங்களின் தீப்பாதுகாப்புக் கலைச்சொற்கள்: வெளியேறுதலும் வெளியேற்றுதலும்

ஆய்வுச் சுருக்கம்

முதியோர் இல்லம், மனநலக் காப்பகம், குழந்தைகள் இல்லம், உண்டு உறைவிடப் பள்ளி ஆகியன பலர் கூடி உறங்கி வாழும் கட்டடங்கள். இவற்றின் தீப்பாதுகாப்புத் திட்டங்களில் ‘வெளியேற்றம்’ என்னும் சொல் மையமாக வழங்குகிறது. இச்சொல் தானே வெளியேறுவதையும் பிறரை வெளியேற்றுவதையும் வேறுபாடின்றிக் குறிக்கிறது. தமிழ் வினைகள் காக்கும் இவ்வேறுபாடு கலைச்சொல்லில் அழிந்துவிடுவதால், ஆபத்துக் காலத்தில் செயலுக்கு உரியவர் யார் என்பது மறைகிறது. 2001ஆம் ஆண்டின் ஏர்வாடித் தீ நிகழ்வையும் கள்ளக்குறிச்சி மாவட்டக் கல்வராயன் மலையின் உறைவிடக் கல்விச் சூழலையும் கொண்டு இக்கட்டுரை இச்சிக்கலை விளக்கி, மாற்றுச் சொற்களை முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: கலைச்சொல்லாக்கம், தீப்பாதுகாப்பு, தன்வினை, பிறவினை, காப்பகம், உண்டு உறைவிடப் பள்ளி, கல்வராயன் மலை.

1. முன்னுரை

தமிழ்க் கலைச்சொல்லாக்க ஆய்வுகள் பெரும்பாலும் அறிவியல், மருத்துவம், கணினி ஆகிய துறைகளைச் சார்ந்தே நிகழ்ந்துள்ளன. கட்டடப் பாதுகாப்புத் துறைச் சொற்கள் அந்த அளவிற்குக் கவனம் பெறவில்லை. ஆனால் இச்சொற்களைப் படிப்போர் பொறியாளர்கள் மட்டுமல்லர். விடுதிக் காப்பாளர், சமையலர், இரவுக் காவலர், உறைவோர் ஆகியோரும் இவற்றைப் படித்துச் செயற்பட வேண்டியவர்கள். பாடநூலில் ஒரு கலைச்சொல் தெளிவற்றிருப்பின் மாணவர் மீண்டும் படித்துத் தெளியலாம். தீ மூண்ட பொழுதில் அதற்கு இடமில்லை. எனவே இத்துறைச் சொற்களின் துல்லியம் மொழிச் செம்மை பற்றியது மட்டுமன்று, உயிர்க்காப்புப் பற்றியதும் ஆகும்.

2. தீ பற்றிய வினைகளின் இணைகள்

தீயோடு தொடர்புடைய தமிழ் வினைகள் பெரும்பாலும் இணைகளாக அமைந்துள்ளன. தீ மூளும், ஒருவர் தீ மூட்டுவார். விறகு எரியும், ஒருவர் அதனை எரிப்பார். விளக்கு அணையும், ஒருவர் அதனை அணைப்பார். புகை பரவும், காற்று அதனைப் பரப்பும். இவ்வேறுபாட்டை இலக்கணம் தன்வினை, பிறவினை என வழங்கும். கு. பரமசிவம் இதனை இயங்குவினை, இயக்குவினை என்னும் பாகுபாட்டால் விளக்கினார். ‘வெளியேறு’, ‘வெளியேற்று’ என்பனவும் இத்தகைய இணையே.

வினை நிலையில் தெளிவாக நிற்கும் இவ்வேறுபாடு பெயராக்கத்தில் எப்போதும் நிலைப்பதில்லை. ‘அணைப்பு’ என்னும் பெயர் ‘அணைத்தல்’ என்னும் பிறவினையைத் தெளிவாகச் சுட்டுகிறது. ஆதலால் ‘தீயணைப்பு’ என்னும் சொல்லில் ஐயம் எழுவதில்லை. ‘ஏற்றம்’ அத்தகையதன்று. ‘விலையேற்றம்’ என்பதில் விலை தானே ஏறுகிறது. ‘கொடியேற்றம்’ என்பதில் கொடி பிறரால் ஏற்றப்படுகிறது. ‘ஏறு’ என்பது ‘அம்’ ஈறு பெறுகையில் ஒற்று இரட்டித்து ‘ஏற்றம்’ ஆவதால், ‘ஏற்று’ என்பதன் பெயரோடு அது ஒன்றிவிடுகிறது. ‘மாற்றம்’ என்னும் சொல்லிலும் இந்நிலையைக் காணலாம்.

‘வெளியேற்றம்’ இந்த வகையைச் சார்ந்தது. ‘அவசரகால வெளியேற்றத் திட்டம்’ என்று ஒரு காப்பகச் சுவரில் எழுதப்பட்டிருப்பின், உறைவோர் வெளியேறுவதற்கான திட்டமா, பணியாளர் அவர்களை வெளியேற்றுவதற்கான திட்டமா என்பதை அத்தொடர் சொல்வதில்லை. ‘எவாக்குவேஷன்’ என்னும் ஆங்கிலச் சொல்லிலும் இந்த மயக்கம் உண்டு. அதனை நேராகப் பெயர்க்கையில், தமிழ் வினைகளிடமுள்ள வசதியை விட்டுவிட்டு ஆங்கிலத்தின் மயக்கத்தை மட்டும் ஏற்றுக்கொள்கிறோம்.

3. ஏர்வாடி காட்டும் உண்மை

இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் விடியற்காலையில், தனியார் நடத்திய மனநலக் காப்பகம் ஒன்றின் கூரைக் கொட்டகை தீப்பற்றியது. 28 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தனர். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. சங்கிலியிடப்பட்ட நிலையில் இறந்தோர் என்னும் செய்தி அவ்வழக்கின் தலைப்பிலேயே இடம்பெற்றது.

கலைச்சொல் நோக்கில் இந்நிகழ்வு முக்கியமான ஒன்றை உணர்த்துகிறது. அங்கு வாழ்ந்தோரைச் சங்கிலியே நடக்க இயலாதவர் ஆக்கியது. வெளியேறுதல் அவர்களுக்கு மறுக்கப்பட்டது. அந்நிலையில் எஞ்சிய ஒரே வழி பிறர் வந்து விடுவித்து வெளியேற்றுதல். அதுவும் உரிய நேரத்தில் நிகழவில்லை. ஒருவரைக் கட்டி வைக்கும் நிறுவனம், அவர் தாமே செய்யக்கூடிய செயலைத் தன் பொறுப்பாக மாற்றிக்கொள்கிறது. வெளிக்கதவைப் பூட்டுதலும் இத்தகையதே. தன்வினையைப் பறிப்பவர் பிறவினைக்குக் கடமைப்பட்டவர். ‘வெளியேற்றம்’ என்னும் பொதுச்சொல் இந்தக் கடமையைப் புலப்படுத்துவதில்லை.

மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 மனநோயரை எவ்வடிவிலும் சங்கிலியிடுவதைத் தடை செய்துள்ளது. எனினும் தேசியக் கட்டட விதித்தொகுப்பின் 2016ஆம் ஆண்டுப் பதிப்பு, மனநல நிறுவனங்களைச் சிறைகளோடு சேர்த்து ‘சி-3’ என்னும் உட்பிரிவில் வைக்கிறது. முதியோர் இல்லங்களும் ஆதரவற்றோர் இல்லங்களும் ‘சி-2’ உட்பிரிவிலும், மாணவர் விடுதிகள் குடியிருப்பு வகையின் ‘ஏ-3’ உட்பிரிவிலும் அடங்குகின்றன. தமிழில் ‘காப்பு’, ‘காப்பகம்’, ‘காப்பாளர்’, ‘காவல்’, ‘காவலர்’ ஆகியன ஒரே வேரிலிருந்து கிளைப்பவை. பேணுதலும் அடைத்துவைத்தலும் அவ்வேரில் அருகருகே நிற்கின்றன. ஆகவே ‘காப்பகம்’ என்னும் பெயரைக் கொண்டு மட்டும் ஓரிடத்தில் வாழ்வோரின் வெளியேறும் ஆற்றலை அறிய இயலாது.

4. வெளியேறும் ஆற்றல்: மூன்று நிலைகள்

அமெரிக்கத் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கத்தின் உயிர்ப்பாதுகாப்பு விதித்தொகுப்பு, கூட்டுறைவுப் பராமரிப்பு இல்லங்களைத் தனிவகையாகக் கொள்கிறது. அங்குள்ளோரின் வெளியேறும் ஆற்றலை அது மூன்றாகப் பகுக்கிறது. பொதுமக்களைப் போல விரைந்து வெளியேறக்கூடிய நிலை முதலாவது. சிலருக்குப் பணியாளர் துணை வேண்டினும் உரிய நேரத்தில் பாதுகாப்பான இடத்தை அடையக்கூடிய நிலை இரண்டாவது. துணை இருந்தும் உரிய நேரத்தில் வெளியேறுவதை உறுதி செய்ய இயலாத நிலை மூன்றாவது. இவ்வாற்றல் தனிமனிதரின் உடல்நிலையை மட்டும் கொண்டு அளக்கப்படுவதில்லை. உறைவோரும் பணியாளரும் சேர்ந்த குழுவின் ஆற்றலாகவே அது மதிப்பிடப்படுகிறது.

இந்த நோக்கு இந்தியச் சூழலுக்கும் தேவையானது. தேசியக் கட்டட விதித்தொகுப்பில், முதல் இரு வகைக் கட்டுமானங்களில் வெளிவழியை அடைவதற்கான பயணத் தொலைவின் மேல் வரம்பு குடியிருப்புக்கும் நிறுவனத்திற்கும் ஒன்றே: 30 மீட்டர். நலமுடைய இளைஞர் அத்தொலைவை நொடிகளில் கடப்பார். ஊன்றுகோலோடு நடக்கும் முதியவருக்கு நேரம் பன்மடங்காகும். படுக்கையில் கிடப்பவருக்கோ அது அவர் கடக்கும் தொலைவன்று, பிறர் அவரைச் சுமக்கும் தொலைவு. எண் ஒன்றாயினும் வினை வேறு.

5. கல்வராயன் மலைச் சூழல்

விழுப்புரம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டு 2019இல் உருவான கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் மேற்கே கல்வராயன் மலை அமைந்துள்ளது. வெள்ளிமலை அதன் வட்டத் தலைமையிடம். மலையாளி பழங்குடியினர் மிகுதியாக வாழும் இங்கு, சிற்றூர்கள் மலைச்சரிவுகளில் சிதறிக் கிடப்பதால் பிள்ளைகளின் கல்வி அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளைப் பெரிதும் சார்ந்துள்ளது.

உறைவிடப் பள்ளி என்பது பகலில் பள்ளி, இரவில் குடியிருப்பு. தீப்பாதுகாப்பு நோக்கில் இவை வெவ்வேறு நிலைகள். பகலில் ஆசிரியர் பலர் இருப்பர், பிள்ளைகள் விழித்திருப்பர். இரவில் பிள்ளைகள் உறங்குவர், பெரியவர் மிகச் சிலரே இருப்பர். வெளிக்கதவு பூட்டப்பட்டிருப்பின், பகலில் முதல் நிலையில் இருந்த அதே பிள்ளைகள் இரவில் இரண்டாம், மூன்றாம் நிலைக்குத் தள்ளப்படுவர். மலைப்பாதையில் தீயணைப்பு ஊர்தி வந்து சேரும்வரை காப்பாளரும் காவலருமே மீட்போர். ஆகவே இங்குத் திட்டம் எழுதுவோர் பகல், இரவு என இரண்டாகவே எழுத வேண்டும்.

கும்பகோணத்தில் 2004 ஜூலை 16ஆம் நாள் பள்ளியொன்றின் கூரையில் பரவிய தீயில் 94 குழந்தைகள் இறந்தனர். அதன் பின்னர் 2009இல் உச்ச நீதிமன்றம், பள்ளிக் கட்டடங்கள் தேசியக் கட்டட விதித்தொகுப்பின் பாதுகாப்பு நெறிகளைப் பின்பற்ற வேண்டும் என ஆணையிட்டது. அது பகற்பள்ளியில் நிகழ்ந்த துயரம். உறைவிடப் பள்ளியின் இரவு அதனினும் கடினமான சூழல் என்பதை மனத்திற்கொள்ளுதல் வேண்டும்.

6. பரிந்துரைக்கப்படும் சொற்கள்

மேற்கண்டவற்றின் அடிப்படையில் பின்வரும் சொற்களை வேறுபடுத்தி வழங்கலாம்.

வெளியேறுதல்: உறைவோர் தாமே பாதுகாப்பான இடத்திற்குச் செல்லுதல்.

வெளிக்கொணர்தல்: பணியாளர் துணைநின்றோ சுமந்தோ உறைவோரைக் கொண்டுசேர்த்தல். ‘வெளியேற்றுதல்’ என்பதற்குக் குடியிருப்போரை அப்புறப்படுத்துதல் என்னும் பொருளும் வழக்கில் உண்டு. ஆதலால் பராமரிப்புச் சூழலுக்கு இச்சொல் பொருந்தும்.

பகுதி நகர்த்தல்: படுக்கையில் உள்ளோரைக் கீழ்த்தளத்திற்குக் கொண்டுசெல்லாமல், அதே தளத்தில் தீத்தாங்கு சுவருக்கு அப்பாலுள்ள பகுதிக்கு மாற்றுதல்.

இருப்பிடக் காப்பு: வெளிக்கொணர இயலாதோரை அவர்கள் இருக்கும் பகுதியிலேயே, கட்டட அமைப்பின் வலிமையால் தீயிலிருந்தும் புகையிலிருந்தும் காத்தல்.

தீத்தடுப்பு, தீத்தாங்குதிறன்: முன்னது தீ மூளாமல் காத்தல். பின்னது மூண்ட தீயைச் சுவரோ கதவோ குறித்த நேரம் தாங்கி நிற்கும் திறன். இரண்டையும் ‘தீத்தடுப்பு’ என்றே வழங்குவதால், தாங்குதிறன் இல்லாத கதவும் ‘தீத்தடுப்புக் கதவு’ எனப்படக்கூடும்.

அணுகுபாதை, வெளிவழி, வெளிமுற்றப் பாதை: அறையிலிருந்து படிக்கட்டு வரை, காப்புடைய படிக்கட்டு, படிக்கட்டின் முடிவிலிருந்து தெரு வரை என மூன்று உறுப்புகள். மூன்றையும் ‘வெளியேறும் வழி’ என்றே குறித்தால், படிக்கட்டு திறந்திருந்தும் முற்றத்து வாயில் பூட்டப்பட்டிருக்கும் குறை ஆய்வறிக்கையில் இடம்பெறாமல் போகும்.

7. முடிவுரை

கலைச்சொல் ஒன்றை மதிப்பிடுகையில் அது மூலச்சொல்லுக்கு நேரானதா, சுருக்கமானதா என்று வினவுவது வழக்கம். உயிர்க்காப்புத் துறையில், செயலைச் செய்ய வேண்டியவர் யார் என்பதை அச்சொல் காட்டுகிறதா என்றும் வினவுதல் வேண்டும். ‘உறைவோர் வெளியேறுவர்’ என்னும் தொடருக்கும் ‘இரவுக் காவலர் கதவைத் திறந்து, முதல் தளத்துப் பிள்ளைகளை வெளிக்கொணர்வார்’ என்னும் தொடருக்கும் இடையே உள்ள வேறுபாடு, பொறுப்பு ஏற்கப்பட்டதா இல்லையா என்பதே. காப்பகங்கள், உறைவிடப் பள்ளிகள் ஆகியவற்றின் பாதுகாப்புத் திட்டங்கள் பெயர்த்தொடர்களால் அன்றி, எழுவாயும் முற்றுவினையும் கொண்ட முழுத் தொடர்களால் எழுதப்படுமாயின் அப்பொறுப்பு வெளிப்படையாகும். தமிழ்த் துறையினரும் தீயணைப்புத் துறையினரும் இணைந்து இத்தகைய திட்டங்களைப் பரிசீலிப்பது, கலைச்சொல்லாய்வு பொதுவாழ்வுக்குப் பயன்படும் வழிகளுள் ஒன்றாக அமையும்.