முகத்துக்கு என்ன விலை?

வந்தவாசிக் கடைத்தெருவில் கல்யாணப் புடவை எடுக்கும் பெண்மணியைக் கவனித்திருக்கிறீர்களா? கடைக்காரர் எத்தனை புடவையைப் பிரித்துப் போட்டாலும், முந்தானையைத் திருப்பிப் பார்த்து, ஜரிகையை விரலால் தடவி, "இது அசல் ஆரணிப் பட்டுதானே?" என்று கேட்காமல் விடமாட்டாள். கேட்க வேண்டியதுதான். பக்கத்து ஊரான ஆரணியின் பெயர், தறிக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் சம்பாதித்த சொத்து. கண்டவர்கள் அதை எடுத்துக்கொள்ளாதபடி 'புவிசார் குறியீடு' என்ற சட்டக் காவலும் அதற்கு உண்டு.

சரி, ஊரின் பெயருக்கு இவ்வளவு காவல் இருக்கிறதே, வியர்வை சிந்திப் பெயர் வாங்கிய ஒரு பெண்ணின் முகத்துக்கு?

2021 ஆகஸ்டு முதல் தேதி, டோக்கியோ ஒலிம்பிக்ஸில் பி. வி. சிந்து பாட்மிண்டனில் வெண்கலப் பதக்கம் பெற்றார். 2016-இல் ரியோவில் வெள்ளி வாங்கியவர் அவர். தனி ஆட்டத்தில் இரண்டு ஒலிம்பிக் பதக்கம் வென்ற முதல் இந்தியப் பெண்மணி! தேசமே வாழ்த்தியது. வியாபார நிறுவனங்கள் பலவும் வாழ்த்தின. எப்படி? நடுவே சிந்துவின் படம், ஓரத்திலே கம்பெனியின் முத்திரை! சிந்துவின் விளம்பர விஷயங்களைக் கவனித்து வந்த ஸ்தாபனம் உடனே வக்கீல் நோட்டீஸ் அனுப்பிவிட்டது.

"இதென்ன கூத்து! வாழ்த்துச் சொன்னால்கூடக் குற்றமா?" என்று நீங்கள் கேட்கலாம்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். படத்தைப் பார்க்கிறவர் மனத்தில் என்ன பதியும்? 'சிந்துவே இந்தக் கம்பெனியைச் சிபாரிசு செய்கிறார்' என்றுதானே? டாக்டரும் வக்கீலும் அறுபது வயதிலும் தொழில் நடத்தலாம். ஆட்டக்காரிக்கு முப்பத்தைந்து வயதுக்குள் அநேகமாக எல்லாம் முடிந்துவிடும். அந்தச் சில வருஷங்களில் விளம்பரத்தில் கிடைக்கும் வருமானம்தான் பிற்காலத்துக்குச் சேமிப்பு. ஒரு கம்பெனி பணம் கொடுத்து ஒப்பந்தம் செய்துகொள்ளும்போது, போட்டிக் கம்பெனி ஓசியில் அதே முகத்தைப் போட்டுக்கொண்டால், அடுத்த தடவை யார் பணம் கொடுப்பார்கள்?

இதற்கென்று நம் நாட்டில் தனிச் சட்டம் கிடையாது. ஆனால் கோர்ட்டுத் தீர்ப்புகள் இருக்கின்றன. தமிழ்நாட்டிலிருந்து போன 'நக்கீரன்' பத்திரிகை வழக்கில் 1994-இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. பொது ஆவணங்களில் உள்ளதைப் பத்திரிகைகள் எழுதத் தடையில்லை. ஆனால் ஒருவருடைய பெயரையோ உருவத்தையோ அவர் சம்மதமின்றி விளம்பரத்துக்கு எடுத்துக்கொண்டால் அது உரிமை மீறல் என்று அதில் சொல்லியிருக்கிறார்கள்.

சௌரவ் கங்குலியின் கதை இன்னும் ருசிகரம். 1996-இல் இங்கிலாந்தில் சதங்கள் அடித்துவிட்டுத் திரும்பினால், அவர் வேலை பார்த்து வந்த டாடா டீ கம்பெனியே, தேயிலைப் பொட்டலம் வாங்குகிறவர்கள் தபால் கார்டு மூலம் கங்குலியை வாழ்த்தலாம் என்று விளம்பரம் செய்துகொண்டிருந்தது! கங்குலி கல்கத்தா ஐகோர்ட்டுக்குப் போனார். கீர்த்தியும் ஆட்டக்காரரின் சொத்துதான் என்பதைக் கோர்ட்டு ஒப்புக்கொண்டது. முடிவில் சமரசமாயிற்று.

எல்லா வழக்கும் ஜயித்துவிடாது. டில்லியில் ஒரு ஓட்டல்காரர் தம் விளம்பரத்தில் 'கௌதம் கம்பீர்' என்று போட்டிருந்தார். கிரிக்கெட் வீரர் கௌதம் கம்பீர் வழக்குத் தொடுத்தார். ஓட்டல்காரரின் பெயரும் கௌதம் கம்பீர்தான்! வீரரின் படத்தை அவர் உபயோகிக்கவும் இல்லை. 2017-இல் டில்லி ஐகோர்ட்டு வழக்கைத் தள்ளிவிட்டது. சொந்தப் பெயரை வைத்துக்கொள்ள ஒருவருக்கு உரிமையில்லையா, என்ன?

இப்போது வந்திருக்கும் ஆபத்தோ வேறு தினுசு. 2024 ஜனவரியில், சச்சின் டெண்டுல்கர் ஒரு செல்போன் விளையாட்டைப் புகழ்ந்து பேசுவது போல ஒரு வீடியோ பரவியது. முகம் அவருடையது, குரலும் அவருடையது போலவே. ஆனால் பேசியவர் அவர் அல்ல! அது போலி என்று சச்சினே அறிவிக்க வேண்டியதாயிற்று. இதில் நஷ்டம் அவருக்கு மட்டுமா? அந்த முகத்தை நம்பிப் பணத்தைக் கட்டுகிற குடும்பங்களுக்கும்தான்.

உங்கள் வீட்டுப் பெண்ணும் நாளைக்கு மாவட்டப் போட்டியிலே கோப்பை வாங்கிக்கொண்டு வரலாம். உள்ளூர்க் கடைக்காரர் இனிப்புப் பெட்டியோடு வந்து, "ஒரு படம் மட்டும் எடுத்துக்கொள்கிறோம், அம்மா" என்பார். தாராளமாக எடுக்கட்டும். ஆனால் எதற்காக, எங்கே, எத்தனை காலத்துக்கு என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். 'என்றென்றைக்கும்' என்ற வார்த்தை இருந்தால் பேனாவை மூடி வையுங்கள். பதினெட்டு வயது நிரம்பாத பெண் போடும் ஒப்பந்தம் செல்லாது. ஆகையால் கையெழுத்துக் கேட்டு உங்களிடம்தான் வருவார்கள்.

புடவைக் கடையில் முந்தானையைத் திருப்பிப் பார்க்கிற அதே கண்ணால் அந்தக் காகிதத்தையும் ஒரு தடவை திருப்பிப் பார்த்துவிடுங்கள், அம்மா!