காலில் பந்து, கையில் தொழில்

மன்னார்த் தீவில் அஸர் தொழுகை முடிந்தால் பிள்ளைகள் எங்கே போவார்கள் என்று கேட்கத் தேவையில்லை. எருக்கலம்பிட்டி, தாராபுரம் ஆனாலும், கத்தோலிக்க சகோதரர்கள் வாழும் பேசாலை, பள்ளிமுனை ஆனாலும் உதைபந்தாட்டம் எல்லோருக்கும் பொது. அவர்களில் உங்கள் மகனும் ஒருவனாக இருந்து, "நான் பந்தாட்டக்காரனாகத்தான் வருவேன்" என்று சொன்னால் என்ன பதில் சொல்வீர்கள்? அதட்டி அடக்கவும் வேண்டாம்; ஆசைப்பட்டபடி அனுப்பிவிடவும் வேண்டாம். அந்த வாழ்க்கை எப்படிப்பட்டது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

நடுக்களத்து உழைப்பு

கோல் போடுகிறவனின் பெயர் பத்திரிகையில் வரும். நடுக்கள வீரனின் பெயர் பெரும்பாலும் வராது. எதிரணியிடமிருந்து பந்தைப் பறிப்பதும், அதை முன்வரிசைக்குச் சேர்ப்பதும் அவன் வேலை. 90 நிமிட ஆட்டத்தில் 10 கிலோமீட்டருக்கு மேல் ஓடுவது உலகத் தரத்தில் சாதாரணம். முப்பதைக் கடந்தபின் இந்த உழைப்பை உடல் நெடுநாள் தாங்காது.

நிலையில்லா வருமானம்

நம் நாட்டில் பந்தை மட்டும் நம்பி வாழ்கிறவர்கள் மிகக் குறைவு. தொழில்முறைப் போட்டியாகச் சூப்பர் லீக் தொடங்கியதே 2021இல்தான். தரைப்படை, கடற்படை, விமானப்படை, பொலிஸ் அணிகளில் ஆடுபவருக்குச் சேவைச் சம்பளம் உண்டு. ரினோன், சோண்டர்ஸ், ஜாவா லேன் போன்ற கொழும்புக் கழகங்களில் ஆடுவோர் பலர் வேறு தொழிலும் பார்க்க வேண்டியவர்களே. அரைத் தொழில்முறை ஆட்டம் என்பது இதுதான்.

2023 ஜனவரியில் இலங்கைச் சம்மேளனத்தைப் பீஃபா இடைநிறுத்தியது. ஆகஸ்ட் மாதம்தான் தடை நீங்கியது. இடையில் நடந்த தெற்காசியக் கிண்ணப் போட்டியில் நம் அணி ஆடவில்லை. நிர்வாகத்தின் பிணக்குக்கு வீரர்கள் விலை கொடுத்தார்கள்.

மன்னார்ப் பிள்ளைக்குத் தூரமும் ஒரு சோதனை. கொழும்பு ஏறத்தாழ 300 கிலோமீட்டர். போரால் 1990இல் நின்ற தலைமன்னார் ரயில் 2015 மார்ச்சில்தான் திரும்பி வந்தது. அதே 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றினர். தீவின் முஸ்லிம்கள் கடல்வழியே கற்பிட்டிக்கு வந்தார்கள். ஒரு தலைமுறை புத்தளம் முகாம்களில் வளர்ந்தது. அனைத்தையும் இழந்து மீண்ட குடும்பம், பிள்ளைக்கு நிலையான வருமானத்தை விரும்புவதில் தவறென்ன?

கான்டே தரும் பாடம்

பிரான்ஸின் நடுக்கள வீரர் கான்டேயைப் பாருங்கள். மாலி நாட்டிலிருந்து பாரிஸுக்கு வந்த முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை. சிறுவயதில் தந்தையை இழந்தவர். 2010 வரை சுரேன் என்ற புறநகர்க் கழகத்தில் ஆடினார். பந்தாட்டத்தோடு கணக்கியலும் படித்துச் சான்றிதழ் பெற்றார். 2016இல் லெஸ்டர் அணியுடன் இங்கிலாந்தின் லீக் சாம்பியன் பட்டம், 2018இல் உலகக் கிண்ணம்! படிப்பு அவர் ஓட்டத்தைத் தடுக்கவில்லை. ஓட்டம் பலிக்காமல் போயிருந்தால் அந்தப் படிப்பே சோறு போட்டிருக்கும்.

ஆகவே பெற்றோர்களே, பந்தைப் பறிக்காதீர்கள்; புத்தகத்தையும் விட்டுவிடச் செய்யாதீர்கள். கழகம் அழைத்தால் நான்கு கேள்விகள் கேளுங்கள்: வேலை உண்டா? ஒப்பந்தம் எழுத்தில் உண்டா? காயம்பட்டால் மருத்துவச் செலவு யாருடையது? தொழுகைக்கும் நோன்புக்கும் இடம் தருவார்களா? விடை திருப்தியானால் துஆச் செய்து அனுப்புங்கள். கால் ஓயும் நாளில் அவன் கையில் ஒரு தொழில் இருக்கும், இன்ஷா அல்லாஹ்.