கடைசி மரத்தைப் பாருங்கள்

திருச்சுழியிலிருந்து ஓர் ஆசிரியர் எழுதியிருக்கிறார். பள்ளி விழாவுக்கு ராஜேந்திர சோழனின் கடாரப் படையெடுப்பை நாடகமாகப் போடுகிறார்களாம். தெர்மாகோலில் கப்பல் தயாராகிறது; பாய்மரம் எத்தனை வைப்பது என்று கேட்கிறார். குண்டாற்றில் தண்ணீர் வந்தாலே ஊர் திரண்டு வேடிக்கை பார்க்கும் சீமையிலிருந்து இப்படியொரு கேள்வி வந்ததில் எனக்கு ஏக சந்தோஷம்.

எண்ணிக்கை இருக்கட்டும். மூன்று மரம் என்பதை மட்டும் வைத்துக் கப்பலை இன்னதென்று சொல்லிவிட முடியாது. பாய் எந்தப் போக்கில் கட்டியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். மாட்டுவண்டியில் நுகத்தடி குறுக்கே கிடக்கும், ஏர்க்கால் நெடுக ஓடும். கப்பலிலும் அப்படித்தான். குறுக்குக் கழியில் தொங்குவது சதுரப் பாய். கப்பலின் நீளவாக்கில் மரத்தை ஒட்டி விரிவது நெடும்பாய். காற்று பின்னாலிருந்து தள்ளினால் சதுரப் பாய்க்கு நிகர் கிடையாது. பக்கவாட்டிலோ சற்று எதிரிலோ வந்தால் நெடும்பாய்தான் கைகொடுக்கும். அதைக் கீழே நின்றபடியே இழுத்துக் கட்டிவிடலாம் என்பதால் ஆளும் குறைவாகப் போதும்.

இனி எந்த மரத்தில் எந்தப் பாய் என்று பார்த்தால் பெயர் தானாக வரும். மூன்றிலும் சதுரம் என்றால் முழுப்பாய்க் கப்பல். கடைசி மரத்தில் மட்டும் நெடும்பாய் என்றால் பார்க்; கோவாவில் கட்டப்பட்டு 1997-ல் நம் கடற்படையில் சேர்ந்த தரங்கிணி அந்த இனம். இரண்டே மரம், இரண்டிலும் சதுரம் என்றால் பிரிக். எல்லா மரத்திலும் நெடும்பாயே பிரதானம் என்றால் பெரும்பாலும் ஸ்கூனர். துறைமுகத்தில் பாயைச் சுருட்டி வைத்திருந்தாலும் பாதகமில்லை, குறுக்குக் கழிகள் மரத்திலேயேதான் நிற்கும். முதலில் கடைசி மரத்தைப் பாருங்கள்.

எனக்குப் பிரியமானது பிரிகன்டைன். முன்மரத்தில் சதுரப் பாய் அடுக்கு, பின்மரத்தில் பிரதானமாக நெடும்பாய். இரண்டு கப்பலை நடுவில் வெட்டி ஒட்டவைத்த மாதிரி இருக்கும். யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டிய 'அன்னபூரணி' இந்த வகைதான். ரங்கூன் வரை போய் அரிசி ஏற்றிவந்த துறை அது. சோழகமும் வாடையும் மாறி மாறி அடிக்கிற கடலில் ஒரே வகைப் பாயை நம்பிப் பிழைக்க முடியாது. அன்னபூரணி 89 அடி நீளம், கட்டியது வேப்ப மரத்தில். வேம்பை நாம் நிழலுக்கும் பல்குச்சிக்கும் மிஞ்சினால் நிலைக்கதவுக்கும் வைத்திருக்கிறோம். அதே வேம்பு அட்லாண்டிக்கைத் தாண்டியது. சிறு படகில் உலகைச் சுற்றிவந்த அமெரிக்கர் வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் அதை விலைக்கு வாங்கி, தன் மனைவி புளோரன்ஸின் பெயரைச் சூட்டினார். வல்வெட்டித்துறை மாலுமிகள் அதைச் சூயஸ் கால்வாய் வழியே ஓட்டிப்போய் 1938 ஆகஸ்டில் மாசசூசெட்ஸின் குளோஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். இதைப் பாடப்புத்தகத்தில் ஒரு பத்தியாகக்கூட நான் படித்ததில்லை.

படிக்கக் கிடைக்காததால்தான் பேனர் அடிப்பவர் கையில் அகப்பட்டதை ஒட்டுகிறார். சோழர் கப்பல் என்று நான் பார்த்த ஒரு தட்டியில் உயர்ந்த பின்கோபுரமும் பக்கவாட்டில் பீரங்கித் துளைகளும் இருந்தன. பாயில் சிவப்புச் சிலுவை வேறு! ராஜேந்திரனின் படை போனது 1025-ல். அந்தக் கப்பல் 16-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவுடையது. வ.உ.சி. கதையும் இதுதான், அவருடைய காலியாவும் லாவோவும் நீராவிக் கப்பல்கள், ஆனால் மாறுவேடப் போட்டிக்கு வரும் பிள்ளைகள் கையில் எப்போதும் பாய்மரக் கப்பல்தான்.

இத்தனைக்கும் அசல் படம் பக்கத்து மாவட்டத்திலேயே கிடைத்திருக்கிறது. வைகை முகத்துவாரத்தில் உள்ள அழகன்குளத்தில் தொல்லியல் துறை தோண்டியபோது, கப்பல் கீறிய பானை ஓடு ஒன்று வெளிவந்தது. பண்டைக் கப்பல்களை ஆராய்ந்த லயனல் காசன், அது கிரேக்க-ரோமானியரின் மூன்று மரப் பெருங்கப்பல் என்று அடையாளம் சொன்னார். வெறும் கீறல்தான்; ஆனாலும் பெயர் சொல்லும் அளவுக்கு அடையாளம் அதில் இருந்தது.

ஆசிரியருக்கு என் யோசனை: இரண்டு மரம் வையுங்கள். சோழமண்டலக் கரையில் கிடைத்த சாதவாகனர் ஈயக் காசுகளில் உள்ள கப்பலுக்கு இரண்டு மரம். ராஜேந்திரனுக்கு 800 ஆண்டுகளுக்கு மேல் முந்தியதுதான், ஆனால் இந்தக் கரையில் புழங்கிய காசு. பாய்க்கு அருப்புக்கோட்டையில் காடாத் துணி வாங்கிக்கொள்ளலாம். பீரங்கித் துளை ஏற்கெனவே வெட்டியிருந்தால் அட்டை ஒட்டி மூடிவிடுங்கள்.