உஷார்! மருந்து அடிக்கும் முன் அரிப்பு எங்கே என்று பாருங்கள்

மழைக்காலத்தில் மும்பை மாட்டுங்கா லேபர் கேம்ப்பில், தாராவி தொண்ணூறு அடி சாலைச் சந்துகளில், பிள்ளைகள் ராத்திரி முழுக்கச் சொறிந்தால் 'கட்மல்தான்', அதாவது மூட்டைப்பூச்சிதான் என்று முடிவுகட்டிவிடுகிறோம். பெயரில்லாத பாட்டில் மருந்தை வாங்கிப் பத்துக்குப் பத்து அறையில் அடிக்கிறோம். பிள்ளைகளும் அதே அறையில்தான் படுக்கிறார்கள்! தயவுசெய்து நிறுத்துங்கள். முதலில் டார்ச்சை எடுங்கள்.

மூட்டைப்பூச்சி கண்ணுக்குத் தெரியும். வளர்ந்தது சுமார் 5 மில்லிமீட்டர். செம்பழுப்பு, தட்டை உடம்பு. கட்டில் மூட்டு, மெத்தைத் தையல், பரண் பலகை இடுக்கு என்று ஒளிந்திருக்கும். அங்கே கறுப்புப் புள்ளிகளும் விரிப்பில் ரத்தக்கறையும் இருக்கும். துணி மூடாத முகம், கழுத்து, கைகளில் கடிக்கும்; தடிப்புகள் பல நேரம் வரிசையாக இருக்கும்.

அரிப்புக்கு இன்னொரு காரணமான சிரங்குப் பூச்சி அரை மில்லிமீட்டர்கூட இல்லை. தோலுக்குள் குடைந்து முட்டையிடுகிறது. விரல் இடுக்கு, மணிக்கட்டு, அக்குள், இடுப்பு, பிறப்புறுப்பு ஆகிய இடங்களில் அரிக்கும். கைக்குழந்தைக்கு உள்ளங்கை, உள்ளங்காலிலும் கொப்புளம். வீட்டில் இரண்டு மூன்று பேருக்கு இப்படி அரித்தால் சிரங்கைத்தான் சந்தேகிக்க வேண்டும். முதல்முறை தொற்றியவருக்கு அரிப்பு தொடங்கவே 4 முதல் 6 வாரம் ஆகலாம். அதற்குள் ஒரே பாயில் படுப்பவர்களுக்கும் ஒட்டியிருக்கும். செம்பூர் ஃபிளாட்டில் வசிப்பவர்களுக்கும் இப்படித்தான் ஒட்டும்.

சிரங்குக்கு அறையில் மருந்து அடித்துப் பயனே இல்லை; விஷக்காற்றுதான் மிஞ்சும். மூட்டைப்பூச்சிக்குப் பலர் அடித்த டைகுளோர்வாஸ், 2020 டிசம்பர் 31 முதல் நாட்டில் தடைசெய்யப்பட்டது. மூடிய அறையில் எந்த விஷமும் ஆபத்துதான்: 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில் எலிமருந்து வைத்த வீட்டில் தூங்கிய இரண்டு குழந்தைகள் இறந்தார்களே, மறந்துவிட்டோமா?

மெடிக்கலில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு களிம்பும் ஆபத்து. அரிப்பு அடங்கும், பூச்சி பெருகும். சயான் ஆஸ்பத்திரித் தோல் பிரிவு பக்கத்திலேயே இருக்கிறது, போய்க் காட்டுங்கள். சிரங்கென்றால் பெரும்பாலும் 5 சதவீத பெர்மெத்ரின் கிரீம் தருவார்கள். அரிப்பு இல்லாதவர் உட்பட வீட்டிலுள்ள எல்லாரும் ஒரே இரவில் பூச வேண்டும். ஒரு வாரம் கழித்து மறுபடியும். துவைக்க முடியாத துணியை பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி ஒரு வாரம் வைத்தால் சிரங்குப் பூச்சி செத்துவிடும். மூட்டைப்பூச்சியோ ரத்தமில்லாமல் மாதக்கணக்கில் தாங்கும்; அதற்குக் கொதிநீரும் சூடான இஸ்திரியும் வேண்டும்.

சொறிந்த புண் சீழ்பிடித்தால் கிருமி சிறுநீரகம் வரை பாதிக்கலாம். பிள்ளையின் முகம் வீங்கினாலோ சிறுநீர் தேநீர் நிறத்தில் போனாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.