தறப்பாள் கயிற்றில் ஒரு பின்னப் பாடம்

மீள்குடியேறிய கிராமமொன்றில் தரம் 5 மாணவர்களிடம், ½, ¼ இரண்டில் எது பெரியது என்று கேட்டேன்.

"¼ தான் ரீச்சர், 2 ஐ விட 4 பெரிசுதானே" என்றான் ஒருவன். இடம்பெயர்வுகளில் பள்ளிக்கூட நாட்களை இழந்த பிள்ளை.

மறுநாள் தறப்பாள் கட்டிய கயிறொன்றை முற்றத்தில் நீட்டினேன். ஒரு நுனி 0, மறு நுனி 1. இரண்டாக மடித்த இடத்தில் ½ என்று துணி கட்டினோம். நான்காக மடித்தபோது முதல் மடிப்பு ¼.

0 இலிருந்து நடந்தான். ¼ முதலில் வந்தது, ½ பிறகு. இரண்டாவது கால் மடிப்பில் ½ இன் துணியே இருந்தது. "2/4 உம் ½ உம் ஒரே இடம் ரீச்சர்!"

வெட்டிய ரொட்டியில் பின்னம் ஒரு துண்டு மட்டுமே. எண்கோட்டில் அது தனக்கென இடமுள்ள எண். கோட்டை நீட்டினால் 1 ஐத் தாண்டி 5/4 உம் வரும்.

பெற்றோரே, பிள்ளையை மொக்கு என்று சொல்லமுன் ஒரு கயிற்றை எடுங்கள்.