நானேதான் காசு கொடுத்தேன்!

என் வீட்டுக்காரர் முப்பது வருஷம் சிகரெட் பிடித்தவர். காலைக் காபியோடு ஒன்று, சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று, ஆபீஸில் நாலைந்து, ராத்திரி மொட்டை மாடியில் ஒன்று. நான் கெஞ்சிப் பார்த்தேன், அழுது பார்த்தேன். ஒரு தடவை முழுப் பாக்கெட்டையும் தண்ணீரில் நனைத்துக் குப்பையில் போட்டேன். பலன்? தெருக்கோடிப் பெட்டிக்கடைக்கு இன்னொரு பாக்கெட் வியாபாரம், அவ்வளவுதான். "எங்க மேல பாசம் இருந்தா விட்டிருக்க மாட்டீங்களா?" என்பது என் வழக்கமான பாட்டு.

2019-ல் பெண் பிரசவத்துக்கு வந்திருந்தாள். பேரனைத் தூக்கப் போன மனிதரிடம், "அப்பா, கை கழுவிட்டு, சட்டையை மாத்திட்டு வாங்க" என்றாள். முகம் சுருங்கிப் போச்சு அவருக்கு. மறுநாள் காலையிலிருந்து சிகரெட்டைத் தொடவில்லை.

இரண்டு நாள் எப்படியோ ஓடியது. மூன்றாம் நாள், ரசத்தில் உப்பில்லை என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். பால்காரரிடம் சண்டை. ராத்திரி இரண்டு மணிக்குக் கூடத்தில் நடை. பாவம் தவிக்கிறாரே என்று நான் மணிக்கொரு தடவை காபி கலந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். குழந்தை அழுததும், "அதை வாயை மூடச் சொல்லு!" என்று கத்தினார் பாருங்கள், பச்சை உடம்புக்காரி பொலபொலவென்று அழுதுவிட்டாள். எனக்குத் தாங்கவில்லை. "உங்க கோபத்துக்கு அந்தச் சனியனே தேவலை. போய் ஒண்ணு பிடிச்சுட்டு வாங்க" என்று என் பர்ஸிலிருந்து இருபது ரூபாயை எடுத்து நீட்டினேன்.

பத்தே நிமிஷத்தில் சாந்தமாகத் திரும்பி வந்தார். கை கழுவி, சட்டை மாற்றி, பேரனைக் கொஞ்சினார். எனக்கு அப்பாடா என்றிருந்தது. வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

மூன்று வருஷம் கழித்து, விடாத இருமலுக்காக டாக்டரிடம் போனபோது இந்தக் கதையைச் சொன்னேன். "அவசரப்பட்டுட்டீங்களேம்மா! மூணாம் நாள்தானே உச்சம்" என்றார் அவர்.

இழுக்கிற புகையில் உள்ள நிகோடின், நுரையீரல் வழியாக ரத்தத்தில் கலந்து, 10, 20 வினாடிகளுக்குள் மூளைக்குப் போய்விடுகிறதாம். அங்கே ஒரு இதம். ஆனால் இரண்டு மணி நேரத்தில் ரத்தத்தில் அது பாதியாகக் குறைந்துவிடும். உடனே எரிச்சல், படபடப்பு. இன்னொன்று பிடித்தால் அடங்கும். சிகரெட் உண்டாக்கிய தவிப்பைச் சிகரெட்டே தீர்த்து வைக்கிறது. இவரோ அதை மன நிம்மதி என்று நினைத்துக்கொள்கிறார். கந்து வட்டிக்காரனிடமே மறுபடி கடன் வாங்கி அவனுக்கே வட்டி கட்டுகிற கதைதான். அடியோடு நிறுத்தும்போது கோபம், தூக்கமின்மை, மலச்சிக்கல், அகோரப் பசி எல்லாம் வரும். முதல் சில நாட்கள்தான் கடுமை. மூன்று, நான்கு வாரத்தில் பெரும்பாலும் தணிந்துவிடுமாம்.

காபி சமாச்சாரத்தைக் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டேன். புகை பிடிக்கிறவர்களுக்குக் காபியின் வீரியம் உடம்பில் சீக்கிரம் கரைந்துவிடும். நிறுத்தினால் அதே ஒரு டம்ளர் ரொம்ப நேரம் தங்கி வேலை செய்யும். அந்த நடு ராத்திரி நடையில் என் டிகாஷனுக்கும் பங்கு இருந்திருக்கிறது!

இந்தத் தடவை நிகோடின் கலந்த சூயிங்கம் எழுதிக் கொடுத்தார். மெதுவாக மெல்ல வேண்டும். சுரீரென்றதும் கன்னத்தில் ஒதுக்கிக்கொள்ள வேண்டும். இவர் வெற்றிலை போல மென்று தள்ளி, விக்கலோடு உட்கார்ந்திருந்தார். காபி குடித்த கையோடு அதைப் போட்டுக்கொண்டால் சரியாக வேலை செய்யாதாம். ஆக, காபி பாதி டம்ளராயிற்று. அதுவும் திண்ணையில் இல்லை, சமையலறையில் என் பக்கத்தில். திண்ணையில் உட்கார்ந்தால் கை தானாகச் சட்டைப் பைக்குப் போகிறதே! சாப்பாடானதும் இரண்டு பேரும் பிள்ளையார் கோவில் வரை நடந்தோம். ஆசை வந்தாலும் ஐந்து நிமிஷம் வேறெதிலாவது ஈடுபட்டால் கடந்து போகிறது.

மூன்றாம் நாள் கத்தினார். நான் பர்ஸைத் தொடவில்லை. மாடிக்குப் போய்த் துணி உலர்த்தினேன்.

இரண்டாம் மாசம், சிநேகிதர் ஒருவரின் துக்க வீட்டிலிருந்து வந்தபோது சட்டையில் வாசனை. நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை. ராத்திரி அவரே, "ஒண்ணு பிடிச்சிட்டேன்டி" என்றார். "சரி, நாளைக்குப் பிடிக்காதீங்க" என்றேன். பலருக்கும் நாலைந்து முயற்சிக்குப் பிறகுதான் விடுகிறது என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். 1800112356 என்ற இலவச எண்ணில் அரசாங்கமே ஆலோசனை தருகிறது. இவர் இரண்டு தடவை பேசினார், நான் ஒரு தடவை.

இப்போது இரண்டு வருஷத்துக்கு மேலாகிறது. ஐந்து கிலோ கூடியிருக்கிறார். மழை பெய்தால் இன்னும் ஆசை வருகிறது என்கிறார். துவைக்கப் போடும் முன் அவர் சட்டைப் பையைத் துழாவுகிற பழக்கம் எனக்கும் விடவில்லை. போன வாரம் கையில் வந்தது நாலு கிராம்பும், பேரனுடைய உடைந்த காரின் ஒரு சக்கரமும்.