சிறு காயத்திற்கு ஏற்ற கட்டு

கையை நம்பிப் பிழைப்பவர்கள் நாம். பைக்காராப் பகுதியில் உருளைக்கிழங்கு தோண்டும்போது கொத்து பட்டுவிடுகிறது. தேயிலைச் செடியைக் கவாத்து செய்கையில் கத்தி நழுவுகிறது. மழைக்காலத்தில் அட்டை கடிக்கிறது. தோடர் மந்துகளில் பூத்தையல் செய்யும் பெண்களின் விரலில் ஊசி ஏறுகிறது. உதகைக்குச் சுமார் 20 கிலோமீட்டர் செல்லவேண்டிய இடத்தில், "சிறு காயந்தானே" என்று மஞ்சள்தூளையோ காப்பித்தூளையோ அப்பிக் கந்தையைச் சுற்றிக்கொள்வது வழக்கமாகிவிட்டதில் வியப்பில்லை. ஆயினும் அத்தூள்களோடு கிருமிகளும் புண்ணுக்குள் புகலாம். காயத்தின் தன்மையறிந்து கட்டினால் வேலைநாட்கள் வீணாகா.

கட்டின் வேலை யாது? அழுக்கைத் தடுத்தல், கசிவை உறிஞ்சுதல், புண்ணின் ஈரத்தைக் காத்தல் ஆகிய மூன்றும் ஆகும். மூன்றாவது நம்மிற் பலருக்குப் புதிதாகத் தோன்றும். காற்றாட விட்டு உலர்த்தினால்தான் புண் ஆறும் என்றே நெடுங்காலம் எண்ணி வந்தோம். 1962ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஜார்ஜ் விண்டர் என்னும் ஆராய்ச்சியாளர், பன்றிகளின் தோலில் ஏற்படுத்திய சிறு காயங்களுள் சிலவற்றைத் திறந்தும், சிலவற்றை மெல்லிய படலத்தால் மூடியும் வைத்துப் பார்த்தார். மூடியவற்றில் புதுத்தோல் ஏறக்குறைய இருமடங்கு விரைவாகப் படர்ந்தது. உலர்ந்த பொருக்கு புதுத்தோலுக்குத் தடையாகிறது. ஈரமான பரப்பில் அது எளிதில் பரவுகிறது.

எக்கட்டாயினும் கழுவிய பின்னரே கட்டவேண்டும். முதலில் நம் கையைச் சோப்பிட்டுக் கழுவுக. இரத்தம் கசிந்தால் தூய துணியால் 10 நிமிடம் விடாது அழுத்துக. பின்னர், ஓடும் தூய நீரில் மண்போகக் கழுவுக. புண்ணுக்குள் ஸ்பிரிட் ஊற்றுதல் வேண்டா. அது புதிதாக வளரும் சதையையும் சேர்த்துக் கெடுக்கும்.

சிறு வெட்டுக்கும் ஊசிக்குத்துக்கும் ஒட்டுப் பிளாஸ்திரி போதும். அதன் நடுவிலுள்ள பட்டை காயத்தைவிடப் பெரிதாக இருத்தல் வேண்டும்; பசை காயத்தில் படலாகாது.

தோல் உரிந்த சிராய்ப்பில் நீர் கசியும். வெறுங் காஸ் துணியை அதன்மேல் வைத்தால் ஒட்டிக்கொண்டு, எடுக்கும்போது புதுத்தோலையும் பிய்த்துவரும். ஆகவே வாசலின் தடவிய காஸை முதலில் வைத்து, அதன்மேல் உலர்ந்த காஸை மடித்து வைத்துக் கட்டுக. ஒட்டிவிட்டால் தண்ணீரில் நனைத்து மெல்ல எடுக்கவேண்டும்.

பஞ்சை நேரே புண்ணில் வைப்பது தவறு. இதன் காரணத்தை நெசவாளர்களுக்கு விளக்க வேண்டுவதில்லை. நூலாக முறுக்கேறாத இழை உதிரும். உதிர்ந்தது புண்ணில் தங்கும். நெய்த துணியில் இழை நூலுக்குள் கட்டுண்டு நிற்கிறது. இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் மருத்துவத் துணி நெய்வதே பெருந்தொழிலாக விளங்குவதை உறுப்பினர் பலர் அறிவர்.

அட்டை கடித்த இடத்தில் இரத்தம் நெடுநேரம் கசியும். அதன் உமிழ்நீரில் உள்ள ஹிருடின் என்னும் பொருள் இரத்தத்தை உறையவிடாது. அஞ்சாமல் நகத்தால் அட்டையை நெம்பி விலக்கி, கழுவி, மடித்த காஸை வைத்து அழுத்திக் கட்டுக. விரல் நுனி நீலம் பாய்ந்தாலோ மரத்தாலோ கட்டு மிகவும் இறுகிவிட்டது என்று பொருள்.

தீச்சூட்டுக்கு 20 நிமிடம் ஓடும் குளிர்ந்த நீரே முதல் மருந்து. ஐஸும் பற்பசையும் ஆகா. பின்னர் ஒட்டாத கட்டால் தளர்வாக மூடவேண்டும்.

எக்கட்டையும் நாளுக்கு ஒருமுறை மாற்றுவது நலம். நம் மலையில் மழையும் பனியும் மிகுதி. கட்டு நனைந்தால் உடனே மாற்றுக. நனைந்த கட்டு கிருமிக்கு வாசற்கதவாகும்.

வீட்டுக் கட்டு போதாத காயங்களும் உண்டு. வாய்பிளந்த வெட்டு, 10 நிமிடம் அழுத்தியும் நில்லாத இரத்தம், நீரிழிவுடையோரின் காற்புண், சுற்றிலும் பரவும் சிவப்பு, சீழ், காய்ச்சல் ஆகியவற்றுக்கு மருத்துவரிடமே செல்லவேண்டும். மண்ணும் சாணமும் பட்ட காயத்தில் ரண ஜன்னி வரக்கூடும். தடுப்பூசி போட்டு 5 ஆண்டு கடந்திருந்தால் மீண்டும் போட்டுக்கொள்க.

நாய்க்கடிக்குக் கட்டே கட்டலாகாது. சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, தாமதியாமல் மருத்துவமனையை அடைந்து தடுப்பூசி பெறுக. வெறிநோய் தோன்றியபின் பிழைப்பது அரிதினும் அரிது. இந்நோயைத் தடுக்கும் பணிக்கென்றே 1907ஆம் ஆண்டில் குன்னூரில் பாஸ்டர் நிலையம் நிறுவப்பட்டது. அத்தகைய மாவட்டத்தில் வாழும் நாம், மிளகாய்த்தூளும் சுண்ணாம்பும் தடவிக் காலங் கடத்துதல் தகுமோ?

பிளாஸ்திரி, காஸ், சுருள்துணி, வாசலின், கத்தரிக்கோல், சோப்பு ஆகியவற்றை ஒரு மூடியுள்ள டப்பாவில் இட்டு வீட்டிலும் தறிக்கூடத்திலும் தோட்டத்திலும் வைப்போம். சங்கத்தின் வாயிலாக மொத்தமாக வாங்கினால் செலவும் குறையும். விதைக்கும் நூலுக்கும் ஒன்றுகூடிய நாம், கைகளைக் காக்கவும் ஒன்றுகூடுவோமாக.